கொழுந்து நம்முடையது, கணக்கு யாருடையது?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகளில் ஒரே வரிசைதான் ஒப்பிக்கப்படுகிறது. முதலில் மருத்துவம், அடுத்து சட்டம், பிறகு பொறியியல், எதுவும் கைகூடாவிட்டால் ஆசிரியர் பயிற்சி. இவற்றில் எதிலும் இடம் கிடைக்காத பிள்ளையைத்தான் "சரி, ஏதாவது பிஸ்னஸ் படிக்கட்டும்" என்று பெற்றோர் அனுப்பி வைக்கின்றனர். நானும் அப்படி அனுப்பப்பட்டவன்தான். ஆனால் சந்தைப்படுத்தலும் நிதியியலும் நம் சமுதாயத்துக்குக் கடைசித் தேர்வாக இருக்க வேண்டியவை அல்ல. நமக்குத்தான் அவை முதலில் தேவை என்பது என் கருத்து. அதற்கும் ஒரு படி மேலே, அப்படிப்பைத் தமிழில் வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் பொறுப்பு நம்மைப் போன்ற தமிழ்ப் பேரவைகளுக்கு உண்டு என்றும் கூறுவேன்.

என் ஊர் கோலா தெர்லா. கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. காட்டை வெட்டித் தேயிலைக் கன்றுகளை நட்ட கைகளில் பெரும்பாலானவை நம்மவர் கைகள். இன்று கொழுந்து எடுப்போரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. நம்மவர் பலர் காய்கறித் தோட்டத்துக்கும், லாரி ஓட்டவும், பட்டணத்து வேலைக்கும் போய்விட்டனர். எனினும் அம்மலையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தும் நமக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. அதுதான் கணக்கு.

ஒரு கோப்பைத் தேநீரின் கணக்கு

கல்லூரியில் சேர்ந்த புதிதில் என் பாட்டி என்னிடம் கேட்டார்: "மார்க்கெட்டிங்னா என்னா தம்பி, பாசார்ல சாமான் விக்கிறதா? அதுக்குப் போயி மூணு வருசம் படிக்கணுமா?" முப்பது ஆண்டுக்கு மேல் கூடை சுமந்தவர் அவர். ஒரு நாளில் எத்தனை கிலோ எடுத்தோம், கிராணி தராசில் எத்தனை கழித்தார், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு வந்தது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. கூடையை இறக்கி வைத்த பிறகு அந்தக் கொழுந்துக்கு என்ன ஆயிற்று?

ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தினால் 1 கிலோ தேயிலை கிடைக்கும். ஒரு தேநீர்ப் பையில் 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் அந்த 1 கிலோவிலிருந்து 500 பைகள் செய்யலாம். அதாவது 500 கோப்பைகள். ஓர் உணவகத்தில் ஒரு கோப்பை 2 வெள்ளி என்று கொண்டால் 5 கிலோ கொழுந்து கடைசியில் 1,000 வெள்ளிக்கு விற்பனையாகிறது. இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா சுரண்டலை!" என்று முழங்கத் தோன்றும். மேடையில் முழங்குவது எளிது. ஆனால் அந்த 1,000 வெள்ளியில் ஆலைக்கு எவ்வளவு, எரிபொருளுக்கு எவ்வளவு, அட்டைப் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு, மொத்த வியாபாரிக்கும் பேரங்காடிக்கும் எவ்வளவு, உணவகக்காரர் தரும் கடை வாடகை, பால், சீனி, ஆள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிப் பார்த்தால்தான் கொழுந்து எடுத்தவருக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்க இடமிருக்கிறதா, இருந்தால் யாருடைய பங்கிலிருந்து அது வரும் என்பது தெரியும். அதைப் பிரித்தெழுதக் கற்றுத் தருவதே இந்தப் படிப்பு.

சந்தைப்படுத்தல் வகுப்பில் முதல் வாரமே நான்கு தூண்களைச் சொல்லித் தருவார்கள்: பொருள், விலை, இடம், விளம்பரம். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் வகுத்த பாகுபாடு இது. பிறகு பிலிப் கோட்லரின் நூல்கள் அதனை உலகெங்கும் பரப்பின. நம் மலைத் தேயிலையை இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். இலங்கையில் 1883இல் கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கியது. அன்று முதல் அந்நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதி மொத்தமாக ஏலம் போய், அயல்நாட்டு நிறுவனங்களின் பெட்டிகளில் அடைபட்டு, வேறு பெயரில் விற்பனையானது. மெரில் பெர்னாண்டோ என்பவர் 1980களில் 'டில்மா' என்ற சொந்த முத்திரையை உருவாக்கி, இலங்கையிலேயே பொதி செய்து விற்கத் தொடங்கியது அதனால்தான் பெரிய செய்தியாயிற்று. நம் கேமரன் மலைத் தேயிலையோ உள்நாட்டிலேயே சொந்தப் பெயரோடு கடைக்கு வந்தது. தோட்டத்தையே சுற்றுலா இடமாக்கி, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி தேநீர் அருந்த வைத்து, அந்தக் காட்சியையும் சேர்த்து விற்பனை செய்கின்றனர். பொருள் ஒன்றுதான். பெயர் யாருடையது என்பதைப் பொறுத்து இலாபம் போய்ச் சேரும் இடம் மாறுகிறது.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. முத்திரை வென்றுவிட்டால் கொழுந்து எடுப்பவரின் கூலி தானாக உயர்ந்துவிடாது. இலங்கையிலும் உயரவில்லை, இங்கும் உயரவில்லை. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாக நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். தீபகற்பத்தில் அன்று மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இலிருந்து முதலாளிமாரோடு மேசையில் அமர்ந்து பேசி வந்திருக்கிறது. அத்தகைய மேசையில் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டி, "இந்தப் பக்கத்தில் இலாபம் இத்தனை, இதில் பங்குதாரருக்குப் போனது இத்தனை" என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய தொழிலாளி வீட்டுப் பிள்ளை எத்தனை பேர் இருக்கின்றனர்? எண்ணோடு வருபவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

விலையும் கடனும் ஒரே கையில்

தேயிலையை விட்டுக் காய்கறிக்கு வருவோம். எங்கள் ஊரில் தக்காளி, முட்டைக்கோஸ், சலாட் பயிரிடும் நம்மவர்கள் இருக்கின்றனர். அவர்களில் பலருடைய நிலம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில் உள்ள நிலம். தேசிய நிலச் சட்டத்தின்படி இந்த உரிமம் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துத் தருவதும் தராததும் அரசின் விருப்பம். அதனை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வங்கியில் ஈடாக வைக்கவும் முடியாது.

இதன் விளைவு என்ன? ஈடு இல்லாததால் வங்கிக் கடன் எட்டாது. விதைக்கும் உரத்துக்கும் பிளாஸ்டிக் கூரைக்கும் பணம் வேண்டுமே! அதனை உரக்கடைக்காரரோ காய் வாங்கும் மொத்த வியாபாரியோ கடனாகத் தருவார். கடன் தந்தவரிடமே காயையும் போட வேண்டியிருக்கும். அவர் சொல்வதே விலை. கோலாலம்பூரில் அன்று விலை ஏறியதா இறங்கியதா என்பது லாரி போய்ச் சேர்ந்த பிறகுதான் விவசாயிக்குத் தெரிய வரும். கல்லூரியில் சந்தைப்படுத்தலை ஒரு பாடமாகவும் நிதியியலை இன்னொரு பாடமாகவும் இரண்டு விரிவுரையாளர்கள் தனித்தனியே நடத்துகின்றனர். கோலா தெர்லாவில் இரண்டும் ஒரே முடிச்சு. கடன் இருக்கும்வரை விலை பேச முடியாது. நல்ல விலை கிடைக்கும்வரை கடன் தீராது. மொத்த வியாபாரி இதில் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் அழுகிப் போகும் காயை வைத்துக்கொண்டு இழப்புக்கு அஞ்சி வாழ்பவர்தான். ஆனால் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனால்தான் அதை அவிழ்க்க முயல முடியும்.

முயன்று பார்க்க வழிகளும் உண்டு. பத்து விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து உரம் வாங்கினால் கடனின் சுமை குறையும். ஒரே தரம், ஒரே பெட்டி, ஒரே பெயர் என்று விற்றால் பேரம் பேசும் வலிமை கூடும். டார்ஜிலிங் தேயிலை இந்தியாவின் முதல் புவிசார் குறியீடாகப் பதிவானது. நம் நாட்டில் சரவாக் மிளகு 2003இல் அத்தகைய பதிவைப் பெற்றது. ஊர்ப் பெயரையே சொத்தாக்கலாம் என்பதற்கு இவை சான்றுகள். கேமரன் மலை என்ற பெயரைக் கேட்டாலே குளிர்ச்சியும் பசுமையும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெயரின் மதிப்பில் ஒரு காசாவது விளைவிப்பவனுக்கு வர வேண்டாமா?

இரண்டு கதைகள், ஒரு பாடம்

நம் சமுதாயத்துக்குப் பணம் சேர்க்கத் தெரியாது என்று சிலர் கூறுவர். அது தவறான கூற்று. சேர்க்கத் தெரியும். சேர்த்ததைக் கண்காணிக்கும் கல்விதான் பரவலாக்கப்படவில்லை. இதற்கு இரண்டு சான்றுகள் நம் கண்முன் உள்ளன.

முதலாவது, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். ஆங்கிலேய முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவில் நின்றனர். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் இச்சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி சேமித்து நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று எடுத்துரைத்தார். அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு 10 வெள்ளி சிறு தொகையன்று. இருந்தும் கொடுத்தனர். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. சங்கம் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, மைக்கா ஹோல்டிங்ஸ். 1980களின் முற்பகுதியில் ம.இ.கா.வின் முயற்சியால் உருவான இந்த முதலீட்டு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 106 மில்லியன் வெள்ளியை அள்ளிக் கொடுத்தனர். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. நிறுவனம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. 1990இல் அதற்கென ஒதுக்கப்பட்ட தெலிகோம் பங்குகள் குறித்த சர்ச்சை நாடறிந்தது. இறுதியில் 2010இல் ஜி டீம் ரிசோர்சஸ் என்ற நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 காசு விலை கொடுக்க முன்வந்தது. 1 வெள்ளி போட்டவருக்கு 80 காசு. பலர் இதனை "20 காசு நட்டம்" என்றுதான் பேசினர். நிதியியல் படித்தவர் அப்படிப் பேச மாட்டார். ஏனெனில் அந்த 1 வெள்ளி ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டியில் 26 ஆண்டுகள் வளர்ந்திருந்தால் 4 வெள்ளி 55 காசு ஆகியிருக்கும். 1980களில் ஊழியர் சேமநிதி வாரியமே 8 விழுக்காட்டுக்கும் மேல் ஈவு வழங்கிய ஆண்டுகள் உண்டு என்பதையும் நினைவில் கொள்க. இடையில் கைக்கு வந்த ஈவுத் தொகையை ஒருபுறம் வைத்துப் பார்த்தால், இழப்பு 20 காசு அன்று. பங்குக்கு 3 வெள்ளி 75 காசு. காலத்துக்கும் விலை உண்டு என்ற இந்த ஒரு பாடத்துக்காகவே நிதியியலைப் படிக்கலாம்.

அரசியல் குற்றச்சாட்டுகளை அடுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் கேட்பது வேறு. 66,000 பங்குதாரர்களில் ஒவ்வோர் ஆண்டும் ஆண்டறிக்கையை வாசித்து, ஐந்தொகையை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு, பொதுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் அளவுக்கு வணிகக் கல்வி பெற்றவர் ஆயிரம் பேராவது இருந்திருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்காதா? மைக்காவை விற்ற விதம் சிறந்த சந்தைப்படுத்தல். வாங்கியவர்களிடம் நிதியியல் இல்லை. ஒரு தரப்பிடம் மட்டும் கல்வி இருக்கும் சந்தையில் மறு தரப்பு ஏமாறுவது புதிதன்று.

வீட்டுக்குள் இருக்கும் நிதியியல்

நிதியியல் என்றதும் பங்குச் சந்தையும் கோட்டு சூட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எங்கள் லயத்துப் பெண்கள் பிடிக்கும் 'கூட்டு' என்ன? பத்துப் பேர் மாதம் 100 வெள்ளி போடுவர். மாதம் ஒருவர் 1,000 வெள்ளியை எடுப்பார். மலாய்க்காரர்களும் சீனர்களும் 'மாயின் கூத்து' என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சொல் நாடெங்கும் பரவிவிட்டது. முதல் மாதம் எடுப்பவர் உண்மையில் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார். பத்தாம் மாதம் எடுப்பவர் வட்டியில்லாமல் சேமிக்கிறார். போதாக்குறைக்கு, நடத்துபவர் ஓடிவிட்டால் வரும் ஆபத்தையும் அவரே சுமக்கிறார். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருப்பதால் காவல் நிலையத்துக்குப் போகவும் தயங்குவார். இதனை விளக்கிச் சொல்ல முனைவர் பட்டம் வேண்டாம். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் போதும்.

அடுத்து வட்டி. 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் பெற்றவர் ஈட்டோடு தரும் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காடும்தான் உச்சவரம்பு. சாலையோரத் தூண்களில் ஒட்டப்பட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்தால் "மாசத்துக்குப் பத்து" என்பார்கள். பத்துதானே என்று தோன்றும். 1,000 வெள்ளியை வாங்கிக் கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி 12 மாதத்தில் 3,138 வெள்ளியாகும். மாத வட்டிக்கும் ஆண்டு வட்டிக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால் எத்தனை வீடுகளில் வாசல் கதவில் சிவப்புச் சாயம் வீசப்பட்டிருக்கிறது!

சேமநிதியும் அப்படித்தான். 1,700 வெள்ளி சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 408 வெள்ளி. 2024 மே மாதம் முதல் புதிதாகச் செலுத்தும் தொகையில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. எடுக்கலாம் என்பது உண்மை. எடுக்காமல் விட்டால் என்னவாகும் என்பதை யார் சொல்வது? 72ஐ வட்டி விழுக்காட்டால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும். 6 விழுக்காடு என்றால் 12 ஆண்டு. இன்று விட்டுவைக்கும் 1,000 வெள்ளி 24 ஆண்டில் 4,000 ஆகும். இந்தக் கணக்கைத் தெரிந்த பிறகும் அவசரத்துக்கு எடுப்பவர் எடுக்கட்டும்; அது அவர் உரிமை. தெரியாமல் எடுப்பதுதான் வருத்தத்துக்குரியது.

மொழி என்னும் சுவர்

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்றுக்கு வருகிறேன். நாம் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படிக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் கணக்கியலை மலாயில் படிக்கிறோம். பல்கலைக்கழகத்தில் நிதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறோம். பட்டம் வாங்கி வீட்டுக்குப் போகும்போது, கற்றதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லை. படித்த பிள்ளை வீட்டில் இருந்தும் அம்மா கூட்டுக்காரியிடமும் தரகரிடமும்தான் யோசனை கேட்கிறார். அவர்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். முதல், வட்டி, பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்பன நேற்று உருவாக்கிய சொற்கள் அல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இரங்கூனிலும் கொழும்பிலும் கிட்டங்கிகளை வைத்து இந்தச் சொற்களில்தான் கடல்கடந்த வணிகம் நடத்தினர். சிறு வயதிலேயே பையனைக் கடையில் சேர்த்துக் கணக்கு பழக்கினர். அதே கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளிக்கும் தமிழ்தான் மொழி. ஆனால் ஒருவர் பேரேட்டை எழுதினார். மற்றவர் அதில் பற்று வரியில் ஒரு பெயராக இருந்தார். மொழி ஒன்றாக இருந்தும் கல்வி ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டது.

இலங்கையில் இன்றும் உயர்தர மாணவர்கள் கணக்கீட்டையும் வணிகக் கல்வியையும் பொருளியலையும் தமிழில் படித்துத் தேர்வெழுதுகின்றனர். தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர்கள் வணிகவியலையும் கணக்குப்பதிவியலையும் தமிழ்வழியில் படிக்கலாம். நூல்கள் இருக்கின்றன, சொற்கள் இருக்கின்றன. பணத்தைப் பற்றிப் பேசுவது தமிழ்ப் பண்புக்கு ஒவ்வாது என்று முகம் சுளிப்போருக்கு, வள்ளுவர் பொருட்பாலுக்கு 70 அதிகாரங்கள் ஒதுக்கினார் என்பதையும், 76ஆம் அதிகாரத்துக்குப் 'பொருள்செயல்வகை' என்றே பெயர் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

எதிர்க் கருத்துகளுக்கு

நண்பர்கள் இருவகையான மறுப்பு கூறுவர். ஒன்று, வணிகப் பட்டதாரிகள் ஏற்கனவே பெருகிவிட்டனர். கடைசியில் கடன் அட்டை விற்கத்தான் போகிறார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. வெறும் பட்டத்தை மட்டும் நம்பிப் போனால் அந்த நிலைதான். கணிதத்தைத் துணையாக்கிக் கொள்ளுங்கள். கணக்கியல் தொழில்முறைத் தேர்வுகளை எழுதுங்கள். விடுமுறையில் ஒரு சிறு கடையின் கணக்கையாவது பாருங்கள். இரண்டாவது மறுப்பு, இந்தப் படிப்பு மக்களிடம் தேவையற்றதை விற்கவும் கடனில் தள்ளவும்தான் பயன்படுகிறது என்பது. கத்தி காயையும் நறுக்கும், கையையும் வெட்டும். நம் மக்களை நோக்கி வீசப்படும் விளம்பரங்களை அலசிப் பார்க்கவும் இதே படிப்புதான் உதவுகிறது. "முன்பணம் வேண்டாம், மாதம் இவ்வளவு மட்டும்" என்ற வரியைக் காணும்போது, மொத்தம் எவ்வளவு என்று கேட்கத் தூண்டுவது என் சந்தைப்படுத்தல் வகுப்புதான்.

எல்லோரும் வணிகப் புலத்தில் சேர வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. மருத்துவம் பயிலும் தோழியும் பொறியியல் பயிலும் தோழனும் பி.டி.பி.டி.என். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள்தாம். நம்மில் பலருக்கு வாழ்க்கையின் முதல் நிதி ஒப்பந்தம் அதுவே. அதன் பக்கங்களை முழுமையாக வாசித்தவர் எத்தனை பேர் என்று அவரவர் மனத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பேரவை செய்யக்கூடியவை

நாம் ஆண்டுதோறும் நாடகம் போடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். இவை தொடர வேண்டும். இவற்றோடு மூன்று பணிகளைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

முதலாவதாக, ஆண்டுக்கு ஒரு வார இறுதியில் ஒரு தோட்டத்துக்கோ கம்பத்துக்கோ சென்று 'கணக்கு வாசிப்பு நாள்' நடத்தலாம். சொற்பொழிவு வேண்டாம். சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, கடன் ஒப்பந்தம் ஆகியவற்றை மக்கள் கொண்டு வரட்டும். நாம் பக்கத்தில் அமர்ந்து தமிழில் வாசித்துக் காட்டுவோம். சேமநிதிக்கு வாரிசு பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்னாலே ஒரு குடும்பத்துக்குப் பெரிய உதவி.

இரண்டாவதாக, வணிகப் புல மாணவர்களும் தமிழியல் மாணவர்களும் இணைந்து, மலாய், ஆங்கில நிதிச் சொற்களுக்கு எளிய தமிழில் விளக்கம் தரும் சிறு கையேடு ஒன்றை வெளியிடலாம். அகராதித் தமிழ் வேண்டாம். லயத்தில் புழங்கும் தமிழே போதும்.

மூன்றாவதாக, வணிகம் படித்துப் பணியில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு ஒரு காய்கறி விவசாயியையோ சிறு கடைக்காரரையோ ஓராண்டுக்குத் தத்தெடுத்து, அவருடைய வரவு செலவை எழுதப் பழக்கலாம். எழுதப்பட்ட கணக்கு கையில் இருந்தால் வங்கியிடம் பேசவும் வாய் வரும்.

கேமரன் மலையில் நம் முன்னோர் தேயிலை நட்டபோது அது எத்தனை கோப்பையாகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. கேட்பதற்கான கல்வி அவர்களுக்கு எட்டவில்லை. நமக்கு எட்டியிருக்கிறது. அடுத்த பருவத்தில் வணிகப் புலத்துக்கு வரவிருக்கும் தம்பி தங்கையர், மருத்துவம் கிடைக்கவில்லையே என்று தலை குனிந்து வர வேண்டாம். இரண்டு தலைமுறை பாக்கி வைத்திருக்கும் கணக்கு ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது.